டீசல் லைனில் ஏர் எங்கிருந்து நுழைகிறது

பழைய டீசல் வேன் ஒன்றில் ஏர் எடுத்த, அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிய கதை இது. ஏர் எடுப்பது சின்ன வேலைதான். எடுத்த ஏர் மறுநாளே திரும்பி வந்ததும், அது வரும் வழியைத் தேடிப் பிடித்ததும்தான் நேரத்தைத் தின்றன. வண்டி இப்போது ராத்திரி முழுக்க நின்றாலும் காலையில் முதல் செல்ஃபில் பிடித்துக்கொள்கிறது. செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான்கு சிலிண்டர் எஞ்சின். மெக்கானிக்கல் இன்லைன் பம்ப், எலக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் கிடையாது. டேங்க் எஞ்சினைவிடத் தாழ்வாக, சேஸிஸுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. டேங்கிலிருந்து ஒரு குட்டி ரப்பர் ஹோஸ், அப்புறம் நீள இரும்புக் குழாய், மறுபடி ஒரு ரப்பர் ஹோஸ், பிறகு டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப். ஃபீட் பம்பின் தலையிலேயே கையால் அடிக்கும் பிரைமர். அங்கிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பெரிய பம்ப் (மேலே சொன்ன இன்லைன் பம்ப்), பெரிய பம்பிலிருந்து தனித்தனி இரும்புக் குழாய்களில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள்.

இந்த வழியை ஃபீட் பம்பில் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது இழுக்கும் பக்கம், பின்னால் இருப்பது தள்ளும் பக்கம். எஞ்சின் ஓடும்போது தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் கசிந்து கண்ணில் படும். இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. பின்னால் வந்த சிக்கல் முழுவதற்கும் இதுதான் அடிப்படை.

முதலில் தெரிந்த கோளாறு சாதாரணமானது. காலையில் நீளமாக செல்ஃப் அடித்தால்தான் பிடித்தது. பிடித்த பிறகும் ஐடிலிங் ஏறி இறங்கியது, வெள்ளைப் புகை வந்தது, மிஸ்ஸிங் இருந்தது. ஓட ஓடச் சரியாகிவிடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் இழுவை குறைந்தது. ஃபில்டர் மாற்ற வேண்டிய நேரமும் வந்திருந்ததால் அங்கிருந்தே தொடங்கினேன்.

அதற்கு முன் டேங்க் மூடியைப் பார்த்துவிட்டேன். மூடியில் காற்று போகும் சின்ன துளை அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஏர் பிடித்த மாதிரியே எஞ்சின் திணறும். வண்டியை ஓட்டிவிட்டு உடனே மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும். இங்கே கேட்கவில்லை. செலவே இல்லாத சோதனை என்பதால் எல்லாரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

புது ஃபில்டரைக் காலியாக மாட்டினால் அதன் கொள்ளளவு முழுக்கக் காற்றுதான். அதனால் டீசல் நிரப்பி மாட்டுவது வழக்கம். ஆனால் ஊற்றும் இடம் முக்கியம். திருகி மாட்டுகிற ஃபில்டரில் ஓரத்தில் வட்டமாக இருக்கிற சின்ன துளைகள் டீசல் உள்ளே வரும் வழி. நடுவில் மரை போட்ட பெரிய துளை, வடிகட்டிய டீசல் வெளியே போகும் வழி. நடுத்துளையில் ஊற்றினால், ஊற்றும் டீசலில் இருக்கும் தூசி எதுவும் தடுக்கப்படாமல் நேராகப் பெரிய பம்புக்குப் போய்விடும். அந்தப் பம்பில் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளையான பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நடுத்துளையை விரலால் மூடிக்கொண்டு ஓரத்துளைகளில் மெதுவாக ஊற்றினேன். இறங்க இறங்க மறுபடி ஊற்ற வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் காலியாகவே மாட்டி, பிரைமரைக் கூடுதலாக அடித்துக்கொள்ளலாம். அது இன்னும் சுத்தமான வழி என்றே சொல்வேன்.

ஏர் எடுக்க எடுத்து வைத்தவை: 10, 13, 17, 19 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர்கள், 6 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட கண்ணாடி டியூப் (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப்) ஒரு முழம், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், பிரஷ், நூல் பிரியாத துணி, நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. டேங்கில் கால் பாகத்துக்கு மேல் டீசல் இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். திறக்கப்போகும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சுற்றி டீசல் தொட்ட பிரஷால் தேய்த்துத் துடைத்தேன். மண்ணோடு திறந்தால் அந்த மண் உள்ளேதான் போகும்.

வரிசை எப்போதும் டேங்க் பக்கத்திலிருந்து இன்ஜெக்டர் பக்கம். முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும், காற்றை வெளியேவிடத் திறக்கிற பிளீட் ஸ்க்ரூ. அதன் முனையில் கண்ணாடி டியூபைச் சொருகி மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் டீசலுக்குள் மூழ்கவிட்டேன். ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்தி, பிரைமர் குமிழைத் திருகித் தளர்த்தி, முழு நீளத்துக்கு ஏற்றி இறக்கினேன். முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, பிறகு இடையிடையே குமிழி, கடைசியில் கண்ணாடி மாதிரி தெளிந்த டீசல். தெளிந்ததும் நிறுத்திவிட்டு ஸ்க்ரூவை மூடக் கூடாது. பிரைமரை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, டீசல் வெளியே வந்துகொண்டிருக்கும்போதே மூட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நொடியில் மரை வழியாகக் கொஞ்சம் காற்று திரும்பிப் போகும்.

மூடும்போது பலம் காட்ட வேண்டாம். ஃபில்டர் தலை அலுமினியம், பிளீட் ஸ்க்ரூ இரும்பு. அளவுக்கு மீறி இறுக்கினால் மரை உரிந்துவிடும். அப்புறம் அந்த இடமே காற்று நுழையும் நிரந்தர வாசல்.

அடுத்து பெரிய பம்பின் பக்கவாட்டில் இருக்கும் பிளீட் ஸ்க்ரூ. அதே முறை. இரண்டும் முடிந்த பிறகு பிரைமரை விடாமல் அடித்தால் கொஞ்ச நேரத்தில் கை கனக்கும், பம்பிலிருந்து, மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனுக்குப் போகும் ஓவர்ஃப்ளோ வால்வ் 'கீச்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தால் இந்தப் பக்கம் டீசல் நிறைந்துவிட்டது. பிரைமர் குமிழை அழுத்தி, திருகிப் பூட்ட மறக்கக் கூடாது. தளர்வாக விட்டால் அதன் வழியாகவே டீசல் கசியும், காற்றும் போகும்.

கடைசியாக இன்ஜெக்டர் முனைகள். இந்தக் குழாய்களில் காற்று இருந்தால் பிளஞ்சர் எவ்வளவு தள்ளினாலும் அந்தக் காற்று சுருங்கி விரியுமே தவிர இன்ஜெக்டர் முனையில் உள்ள நாசில் திறக்காது. இந்த மாதிரி எஞ்சினில் நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். இன்ஜெக்டரில் இருக்கும் நட்டுகளை 17 ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் துணியைப் போர்த்தினேன். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தார். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நொடிக்கு மேல் அடிக்கக் கூடாது. நடுவில் ஒரு நிமிஷமாவது செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பேட்டரி முழுச் சார்ஜில், அதாவது 12.6 வோல்ட்டில் இருந்தால்தான் இந்த வேலையில் இறங்கலாம். எஞ்சின் மந்தமாகச் சுற்றினால் ஏர் போயிருந்தாலும் பிடிக்காது, தப்பான இடத்தில் குற்றம் தேடிக்கொண்டிருப்போம்.

நட்டு ஓரத்தில் நுரை போய் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் செல்ஃபை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் இறுக்கினேன். அடுத்த செல்ஃபில் எஞ்சின் தடுமாறிப் பிடித்தது, கொஞ்ச நேரத்தில் சீரானது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. நான் செய்வதில்லை, யாரையும் செய்யவிடுவதும் இல்லை. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டே போகும். அப்படி ஒன்று நடந்தால் வலி இல்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டீசல் உள்ளே போயிருக்கிறது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் அதே பழைய கதை. நீளமான செல்ஃப், வெள்ளைப் புகை. பிரைமரைத் தொட்டுப் பார்த்தால் கனமே இல்லாமல் லொடலொடவென்று போனது, நிறைய அடித்த பிறகுதான் கை கனத்தது. நின்ற வண்டியில் எங்கேயோ காற்று நுழைந்து, லைனில் இருந்த டீசல் தாழ்வான டேங்குக்கே இறங்கிப் போயிருக்கிறது. இந்த நிலையில் திரும்பத் திரும்ப ஏர் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஃபில்டர் மாற்றும்போது கழற்றிய பேஞ்சோ போல்ட்டுகளின் (குழாயை இணைக்கும், உள்ளே டீசல் ஓடத் துளை உள்ள போல்ட்டுகள்) காப்பர் வாஷர்கள்தான் முதல் சந்தேகம். காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிப்போகும், மறுபடி போட்டால் சரியாக உட்காராது. சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் திரும்ப மென்மையாகும் என்பது உண்மைதான். ஆனால் முழு வேலையிலும் மிக மலிவான சாமான் அதுதான் என்பதால் ஒவ்வொரு பேஞ்சோவுக்கும் இருபுறமும் புதிதே போட்டேன். வாஷர் உட்காரும் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன், இல்லை. ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் பிளக்கின் ஓ-ரிங்கும் காய்ந்து விறைத்திருந்தது, அதையும் மாற்றினேன். கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, கோளாறு போகவில்லை.

அடுத்து ஃபீட் பம்பின் மேல் பார்வை போனது. அதற்குள் இருக்கும் வால்வுகள் தேய்ந்தாலும் டீசல் பின்னால் இறங்கும். புது ஃபீட் பம்ப் வாங்கிப் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அதுதான் இந்த வேலையில் விலை கூடிய சாமான். சந்தேகத்தில் வாங்குவதற்குப் பதில் கண்ணால் பார்த்துவிடலாம் என்று லைனுக்கு அளவான இன்னொரு கண்ணாடி டியூபை எடுத்தேன்.

ஃபீட் பம்புக்குள் போகும் ஹோஸைக் கழற்றி, இடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி டியூபை இரண்டு கிளிப்போடு பொருத்தினேன். லைனின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், டியூபும் அதே அளவு. டியூப் சொருகியதிலேயே காற்று போயிருக்கும் என்பதால் உடனே தெரியும் குமிழிகளுக்கு அர்த்தம் இல்லை. ஐந்து நிமிஷமாவது எஞ்சினை ஓடவிட்ட பிறகே பார்க்க வேண்டும். டியூபின் மேல் வளைவில் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் குமிழியும் ஒன்றும் செய்யாது. ஓடுகிற குமிழிகள்தான் கணக்கு. இங்கே கடுகு மாதிரி பொடிக் குமிழிகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்னும் கூடின. ஃபீட் பம்புக்குள் நுழையும் முன்பே காற்று வருகிறது என்றால் ஃபீட் பம்ப் மேல் இப்போதைக்குப் பழி இல்லை.

உறுதிசெய்ய இன்னொரு சோதனை. சுத்தமான 5 லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்பின் ஹோஸை நேராக அதற்குள் விட்டேன். ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே திருப்பிவிட்டேன், இல்லாவிட்டால் கேன் டீசல் ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய்க் கேன் காலியாகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது கேன் இருக்கும் உயரம். கேனை மேலே தொங்கவிட்டால் டீசல் தானாக இறங்கி வரும், லைனில் இழுவையே இருக்காது, அதனால் சின்ன ஓட்டைகள் காட்டிக்கொடுக்காமல் ஒளிந்துவிடும். கேனைத் தரையில் வைத்து ஃபீட் பம்பை இழுக்க வைத்தால்தான் நியாயமான சோதனை. தரையில் வைத்து ஓட்டினேன். டியூபில் ஒரு குமிழிகூட இல்லை, ஐடிலிங் அசையவே இல்லை. ஆக, டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையில்தான் ஓட்டை.

டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது கிளிப் கடித்த இடத்தில் உள்ளே வெடிப்பு தெரிந்தது. வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. டீசலுக்கான புது ஹோஸ் போட்டேன். குமிழி பாதியாகக் குறைந்தது. முழுவதும் நிற்கவில்லை! இந்தப் பாதி வெற்றிதான் ஆளை ஏமாற்றும். நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டால் சில வாரத்தில் மறுபடி அதே இடத்தில் நிற்போம்.

சரி, இழுக்கிற லைனைத் தள்ளுகிற லைனாக மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன். லைனைக் காலி செய்து, டேங்க் முனையில் ஹோஸைக் கழற்றி, அளவான போல்ட் ஒன்றைச் சொருகிக் கிளிப் போட்டு அடைத்தேன். எஞ்சின் பக்க முனையில் மீட்டர் வைத்த சைக்கிள் பம்பைப் பொருத்தி அரை பார், அதாவது 7 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்று ஏற்றினேன். கம்ப்ரஸர் வேண்டாம், கைப்பம்ப் போதும். டேங்கை இதோடு சேர்த்து ஊதவே கூடாது, அது அழுத்தத்துக்காகச் செய்ததல்ல. மீட்டர் முள் மெதுவாக இறங்கியது. சோப்புத் தண்ணீரைப் பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தேன். புது ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில், கிளிப்புக்குக் கீழே, மெல்லிசாக நுரை பூத்தது.

ஹோஸைக் கழற்றிக் குழாய் முனையை எமரித் தாளால் தேய்த்ததும் காரணம் புரிந்தது. பழைய ஹோஸுக்கு அடியில் ஈரம் தங்கித் தங்கி, குழாயின் மேல் துருப் பள்ளங்கள். குழாய் துளைபடவில்லை. ஆனால் பள்ளத்தின் வழியாக, ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில், காற்று ஊர்ந்து போக இடம் இருந்தது. எத்தனை புது ஹோஸ் மாற்றினாலும், கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அது அடைபடாது. எஞ்சின் ஓடும்போது அந்த இடம் இழுவையில் இருக்கும், நின்ற பிறகு டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். அதனால்தான் அங்கே ஈரக்கறைகூட இல்லை.

குழாயின் கெட்ட முனையை 30 மில்லிமீட்டர் வெட்டி எடுத்தேன். ஆக்சா பிளேடு போட்டால் இரும்புத் தூள் உள்ளே விழும், அதனால் சுற்றிச் சுற்றி வெட்டுகிற டியூப் கட்டர். உள்விளிம்பில் வந்த பிசிறைச் சீவி, வெட்டிய முனையிலிருந்து எஞ்சின் பக்கம் வரை லைனுக்குள் சுத்தமான டீசல் விட்டுக் கழுவினேன். ஹோஸ் நழுவாமல் இருக்க முனையில் லேசாக ஒரு விளிம்பு எழுப்பினேன். வெட்டிய அளவுக்கு ஹோஸை நீளமாக எடுத்துக்கொண்டு, குழாய் மேல் 25 மில்லிமீட்டர் ஏற்றி, விளிம்புக்கு அப்பால் கிளிப் போட்டேன். ஸ்க்ரூ வைத்த துளைப்பட்டைக் கிளிப்பை இங்கே தவிர்த்தேன். பட்டையில் உள்ள வெட்டுகளுக்குள் மெல்லிய ரப்பர் பிதுங்கிக் கடிபடும். ஓரம் மழுங்கிய, துளை இல்லாத பட்டை கொண்ட சின்ன கிளிப் சுற்றிலும் ஒரே மாதிரி அழுத்தும். மறுமுனையில் இருந்த இன்னொரு இணைப்பையும் கழற்றித் தேய்த்துப் பார்த்தேன். அங்கே இரும்பு வழவழப்பாக இருந்தது.

மறுபடி அரை பார் ஏற்றினேன். கால் மணி நேரம் முள் நகரவில்லை. எல்லாவற்றையும் கோர்த்து, முதலிலிருந்து ஏர் எடுத்தேன். இந்தத் தடவை இன்ஜெக்டர் நட்டுகளில் இரண்டை மட்டும் தளர்த்தினேன். இரண்டு சிலிண்டர் பிடித்தால் போதும், மீதி இரண்டும் ஓட்டத்திலேயே தாமாகக் காற்றைத் தள்ளிவிடும். கண்ணாடி டியூபைச் சில நாள் லைனிலேயே விட்டுக் கவனித்தேன். தெளிந்த டீசல் மட்டுமே. பிறகு அதைக் கழற்றிச் சரியான ஹோஸ் போட்டுவிட்டேன். சாதாரண கண்ணாடி டியூப் டீசலிலும் எஞ்சின் சூட்டிலும் விறைத்து வெடிக்கும், அதை நிரந்தரமாக விட்டால் நாமே புது ஓட்டை வைத்த மாதிரி ஆகிவிடும்.

செலவைப் பார்த்தால் ஹோஸ், கிளிப், வாஷர், ஓ-ரிங் எல்லாம் சேர்த்தும் ஃபில்டரின் விலையைத் தாண்டவில்லை. டியூப் கட்டர் இரவல். சந்தேகத்தின் பேரில் ஃபீட் பம்பை மாற்றியிருந்தால் இதைப்போலப் பல மடங்கு போயிருக்கும், காற்றும் நின்றிருக்காது.

காமன் ரயில் வண்டி, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்த டீசல் தேங்கி நிற்கும் புது வகை டீசல் வண்டி, வைத்திருப்பவர்கள் இதில் ஒரு பகுதியை அப்படியே செய்துவிடக் கூடாது. 1997இல் கார்களில் வந்த முதல் தலைமுறை காமன் ரயிலிலேயே அழுத்தம் 1350 பார், இப்போதுள்ளவை 2000ஐத் தாண்டும். அவற்றில் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பேச்சே இல்லை. ஃபில்டர் வரைக்கும் பிரைமர் பல்ப் இருந்தால் அது கனக்கும் வரை அமுக்கலாம். டேங்குக்குள் மின்சார பம்ப் இருந்தால் சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு ஆஃப் செய்வதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். சில வண்டிகளுக்கு ஸ்கேனரை மாட்டி பம்பை ஓடவிட வேண்டியிருக்கும். ஹை பிரஷர் பம்புக்கு டீசலேதான் மசகு என்பதால், காற்றோடு நீளமாக செல்ஃப் அடிப்பது அந்தப் பம்பைத் தேய்க்கும். டியூப் சோதனையும் கேன் சோதனையும் மட்டும் இழுக்கிற வகை லைன் உள்ள எந்த டீசல் வண்டிக்கும் பொருந்தும்.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். ஸ்பேனரைத் தொடும் முன்பே கண்ணாடி டியூபை மாட்டிப் பார்ப்பேன். குமிழி ஓடினால் ஃபில்டர் பக்கம் போகாமல் நேராக அரை பார் சோதனை. இரும்புக் குழாயும் ரப்பரும் சேரும் இடங்களை, வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், ஹோஸைக் கழற்றி எமரித் தாளால் தேய்த்தே பார்ப்பேன். முன்பக்க இணைப்பு இப்போது வழவழப்பாக இருந்தாலும் அதே வயசான குழாய்தான். அதற்கும் துளை இல்லாத பட்டைக் கிளிப் ஒன்று வாங்கி டூல் பெட்டியில் போட்டிருக்கிறேன், அடுத்த ஃபில்டர் மாற்றும்போது மாட்டிவிடலாம்.